படமாகிப்போன அரசாணைகள்

அரசு ஆவணங்கள் இணையத்தில் குவிகின்றன. பார்வையற்றோருக்கு அவற்றில் பல வெற்றுத் தாள்கள். சட்டம் வந்தும் தீர்ப்பு வந்தும் தீராத சிக்கல் இது.

கோலார் தங்கவயலின் தாகத்தை ஒரு காலத்தில் தீர்த்தது பேத்தமங்களா ஏரி. பாலாற்று நீரைத் தேக்கிய அந்த ஏரியிலிருந்துதான் சுரங்க நகரத்துக்குத் தண்ணீர் போனது. இன்று அந்த ஊர்க்காரர்களுக்கு வேண்டிய பலவும் வேறொரு குழாய் வழியே வருகின்றன. நிலத்தின் பஹணி, உதவித்தொகை விண்ணப்பம், மாற்றுத் திறனாளிகளுக்கான அடையாள அட்டை எல்லாமே இணையத்தில். ஆனால் குழாயின் முனையில் பார்வையற்றவர் நின்றால் பல சமயம் சொட்டுகூட விழுவதில்லை.

பார்வையற்றோர் கணிப்பொறியைக் காதால் படிக்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தருவது 'ஸ்கிரீன் ரீடர்' மென்பொருள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும், உருவாக்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது. தமிழையும் கன்னடத்தையும் படிக்கும் குரல்கள் இருக்கின்றன. நிபந்தனை ஒன்றுதான்: திரையில் இருப்பது எழுத்தாக இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். அரசு அலுவலகத்தில் ஓர் ஆணையைக் கணிப்பொறியில்தான் டைப் செய்கிறார்கள். பிறகு அச்செடுத்து, அதிகாரி கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். எழுத்தாகப் பிறந்தது படமாகிவிடுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்கிரீன் ரீடர் வாயடைத்து நிற்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன என்றாலும், சாய்ந்த பக்கமும் மங்கிய நகலும் அட்டவணையும் அவற்றைத் தடுமாற வைக்கின்றன. ஓர் இலக்கம் பிசகினால் விண்ணப்பத்தின் கடைசித் தேதியே மாறிவிடும்.

இன்னொரு நோய் எழுத்துருவில். தமிழ்நாட்டில் வானவில், கர்நாடகத்தில் நுடி என்று அலுவலகங்கள் பழகிய பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழோ கன்னடமோ. அடியில் இருப்பது வேறு குறியீடு. ஸ்கிரீன் ரீடர் அதைப் பொருளற்ற எழுத்துக் குவியலாக உளறும். யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தரமாக அறிவித்தது. ஆனால் பழைய ஆவணங்கள் தாமாக மாறிவிடாது.

இதில் பேத்தமங்களாவுக்குக் கூடுதல் அக்கறை உண்டு. தங்கவயல் வட்டாரத் தமிழர்களில் பலருக்குக் கன்னடம் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. கன்னட அறிவிப்பு உண்மையான எழுத்தாக இருந்தால் செல்போனே அதைப் படித்துக் காட்டும். பார்வையற்றவருக்காகத் திறக்கும் கதவு வழியே கண்ணுள்ளவரும் நுழையலாம்.

சட்டத்தில் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உடற்குறை உள்ளவர்கள் 2.68 கோடி, அவர்களில் பார்வைக் குறை உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. எல்லாத் தகவலும் அவர்கள் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 42-வது பிரிவு. இணையத்தில் வைக்கும் ஆவணங்கள் இ-பப் வடிவிலோ, எழுத்தை இயந்திரம் அறியும் பி.டி.எஃப். வடிவிலோ இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் தெளிவாகவே சொல்லின. சட்டத்தை முதல்முறை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. விதிகள் சுட்டிய வழிகாட்டிக் குறிப்புகளில் பெரும்பகுதி வெறும் பரிந்துரை. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. கட்டாயம் என்று சட்டம் சொல்வதை விதி பரிந்துரையாகச் சுருக்க முடியாது என்று கூறி, மூன்று மாதத்தில் கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்த அடி 2025 ஏப்ரல் 30-ல் விழுந்தது. கண் சிமிட்டச் சொல்லும் இணைய அடையாளச் சரிபார்ப்பை எதிர்த்து அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகள் அவை. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இணைய அணுகலை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாகவே அறிவித்து 20 கட்டளைகளைப் பிறப்பித்தது.

பரிகாரத்துக்குப் பெரிய செலவில்லை. டைப் செய்த கோப்பை ஸ்கேன் செய்யாமல் நேரடியாக பி.டி.எஃப். ஆக்கி டிஜிட்டல் கையொப்பம் இடலாம். யூனிகோடில் டைப் செய்யலாம். படத்துக்கு ஒரு வரி விளக்கம், செவித்திறன் அற்றோருக்காக வீடியோவில் வாசகம், மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் கீபோர்டிலேயே படிவத்தை முடிக்க வசதி என்று மீதியும் எளியவையே.

இவை இல்லாதபோது பார்வையற்றவர் தன் வருமானத்தையும் வங்கிக் கணக்கையும் பக்கத்து வீட்டுக்காரரிடமோ கடைக்காரரிடமோ சொல்லித்தான் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. சலுகை கிடைக்கிறதோ இல்லையோ, அந்தரங்கம் முதலில் பறிபோகிறது.