வெற்று ஸ்லொட்டில் ஒளிந்திருந்த பழுது

இரத்தோட்டையில் மின்சாரப் பொருள் எது பழுதானாலும் முதல் பழி ஈரத்தின் மேல் விழும். இல்லாவிட்டால் இடி மின்னலின் மேல். நக்கிள்ஸ் மலையடிவாரம் அப்படி. முற்றத்தில் காயப்போட்ட மிளகை ஒரு நாளில் மூன்று தடவை அள்ளி உள்ளே வைக்க வேண்டிய ஊர் இது. அதனால்தான், புதிய ரெம் போட்டதும் மடிக்கணினி இருண்ட திரையோடு நின்றபோது, "ஈரம் இறங்கியிருக்கும் மாமா" என்றாள் என் அக்கா மகள். கடைக்காரரும் அதையே சொன்னார்.

அந்தக் கணினியை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 8 ஜிபி ரெம் அட்டை ஒன்று, பக்கத்தில் இன்னொன்று போடக்கூடிய வெற்று இடம். பல்கலைக்கழக வேலைகளுக்கு 8 போதவில்லை என்று மாத்தளையில் இன்னொரு 8 வாங்கி வந்தோம். அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, அட்டையைச் சரிவாகச் செருகி அழுத்தினோம். இரு பக்கத்துக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடித்துக்கொண்டன. மின்விசிறி சுழன்றது, விசைப்பலகை விளக்கு எரிந்தது, திரை மட்டும் வரவில்லை. புதிய அட்டையை எடுத்தால் எல்லாம் சரி.

புதிய அட்டை கெட்டது என்று நினைப்பதுதான் இயல்பு. அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கியிருந்தால் மீண்டும் இதே கதை. அதற்குப் பதிலாக இடம் மாற்றிப் பார்த்தோம். புதிய அட்டையைப் பழைய இடத்தில் தனியாகப் போட்டால் கணினி உடனே விழித்தது. இரண்டு வருடம் பிழையில்லாமல் உழைத்த பழைய அட்டையை வெற்று இடத்தில் தனியாகப் போட்டால் இருட்டு. பென்சில் அழிப்பானால் தங்க விளிம்பைத் துடைத்தும் பார்த்தோம்; மாற்றமில்லை. அட்டைகள் இரண்டும் நல்லவை. கெட்டது இடம்.

உருப்பெருக்கியை வைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால்தான் அந்த இடத்தின் நுணுக்கம் தெரியும். டிடிஆர்4 வகை மடிக்கணினி ரெம்முக்கு 260 தொடுமுனைகள். அவற்றுக்கு ஏற்ற 260 கால்கள் அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக மதர்போட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். நன்றாகப் பற்றிய காலின் நுனியில் சோல்டர் ஒரு சிறு சரிவாக ஏறிப் பளபளக்கும். ஓரத்தில் இருந்த ஒரு காலில் அந்தச் சரிவு இல்லை. கீழே சோல்டர் குவிந்து உருண்டிருந்தது. மேலே கால் சும்மா நின்றது. ஊசிமுனையால் தொட்டபோது மயிரளவு அசைந்தது.

இரண்டு வருடத்து ஈரம் செய்த வேலையாக அது தெரியவில்லை. ஈரம் பச்சையோ வெள்ளையோ பூத்து அரிக்கும். இங்கே உலோகம் புதிதாகவே இருந்தது. கணினி பிறந்த நாளிலேயே பிறந்த குறை.

மதர்போட் செய்யும்போது, துளையிட்ட தகட்டின் வழியாகச் சோல்டர் பசையை அச்சடிப்பதுபோலத் தடவுவார்கள். இயந்திரம் பாகங்களை அதன் மேல் வைக்கும். பிறகு பலகை நீண்ட அடுப்பொன்றின் ஊடாக நகர்ந்து போகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, தகரம், வெள்ளி, செம்பு கலந்த சோல்டரே பெரும்பாலும் பாவனையில் இருக்கிறது. பழைய ஈயச் சோல்டர் 183 பாகை செல்சியஸில் உருகும். இது ஏறக்குறைய 217இல். அடுப்பின் உச்சச் சூட்டை 240 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் பலகை ஒரு விதமாகவும் ஸ்லொட்டின் பிளாஸ்டிக் உடல் வேறு விதமாகவும் வளையும். நடுக்கால்கள் பசையில் அமர்ந்திருக்க, ஓரக்கால் ஒரு காகிதத் தடிப்பு, அதாவது 0.1 மில்லிமீட்டர், உயர்ந்தாலே போதும். உருகிய சோல்டர் அதை எட்டாமலே இறுகிவிடும்.

சோதனை இல்லாமலில்லை. கெமரா படம் எடுத்துப் பார்க்கும், ஊசிகள் தொட்டு அளக்கும், கடைசியில் கணினியை இயக்கியும் பார்ப்பார்கள். ஆனால் மேலிருந்து பார்க்கும் கெமராவுக்குத் தொட்டு நிற்கும் காலும் ஒட்டி நிற்கும் காலும் ஒன்றுபோலத் தெரியலாம். வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கும் கால் சோதனை நேரத்தில் மின்சாரத்தையும் கடத்தும். கப்பலிலும் லொறியிலும் குலுங்கிய பிறகு விலகும். எங்கள் ஊர் வியாபாரிகள் மிளகைக் கண்ணால் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. உள்ளே பருப்பில்லாத வெறும் கோதும் வெளியே கறுத்து உருண்டுதான் இருக்கும். லீட்டர் அளவையில் போட்டு நிறுத்தால்தான் குட்டு வெளிப்படும். ரெம் ஸ்லொட்டை நிறுத்துப் பார்ப்பதென்றால் அதில் அட்டையைப் போட்டு ஓடவிடுவதுதான். இரண்டு வருடமாக நாங்கள் அதைச் செய்யவில்லை.

இப்படி ஒளியும் குறை பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2011 ஜனவரி 31ஆம் திகதி, அந்த மாதமே சந்தைக்கு வந்திருந்த தன் 6 சீரிஸ் சிப்செட்டில் வடிவமைப்புப் பிழை இருப்பதாக இன்டெல் அறிவித்தது. ஹாட் டிஸ்க், டிவிடி டிரைவ் போன்றவற்றைச் செயலியோடு சேர்த்துவைக்கும் சில்லு அது. டிரைவ்களுக்கான ஆறு வாசல்களில் 0, 1 இரண்டும் நல்லவை. 2 முதல் 5 வரையானவற்றின் கடிகாரச் சுற்றில் ஒரு டிரான்சிஸ்டருக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்க்கொண்டிருந்தது. மின் ஒழுக்கு மெல்ல மெல்லக் கூடி வாசல் தளர்ந்துவிடும். விற்ற நாளில் நன்றாக ஓடிய சில்லுதான். திருத்தவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டொலர், வருமான இழப்பு 30 கோடி டொலர் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது.

அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரு வாரத்தில், பெப்ரவரி 7ஆம் திகதி, 0, 1 வாசல்களை மட்டும் பயன்படுத்தும் கணினிகளுக்கு அதே பழுதுள்ள சில்லை மீண்டும் அனுப்பத் தொடங்குவதாக இன்டெல் அறிவித்தது. பயன்படாத வாசலில் உள்ள பழுது யாரையும் தொடாது என்பது அதன் கணக்கு. அது சரியான கணக்குத்தான். ஆனால் அறிவிப்புக்கு முன்பே விற்றுப்போன கணினிகளில் டிவிடி டிரைவ் 2 முதல் 5 வரையான வாசல்களில் ஒன்றில் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு இரண்டாவது ஹாட் டிஸ்க் பூட்டுகிறவரின் கோப்புகள் எல்லாம் தளரும் வாசலில் போய் நிற்கும்.

உற்பத்திக் குறைகள் பெரும்பாலும் பாவனையின் முதல் மாதங்களிலேயே தலைகாட்டும் என்பது பொறியியலாளர்கள் நன்கறிந்த விஷயம். உத்தரவாதக் காலம் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. வெற்று ஸ்லொட்டின் முதல் நாளோ நாம் அட்டையைச் செருகும் நாள். உத்தரவாதம் எண்ணப்படுவது பில் போட்ட நாளிலிருந்து. எங்களுக்கு அது முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. புதுக் கணினி வாங்குகிறவர்கள் கடையிலேயே ஓர் அட்டையை இரவல் வாங்கி, வெற்று இடத்தில் போட்டு ஒரு தடவை ஓடவிடச் சொல்ல வேண்டும். யுஎஸ்பி, மெமரி கார்ட் வாசல்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அரை மணித்தியாலம் போகாது.

மாத்தளையில் போன் திருத்தும் தம்பி ஒருவர் அந்தக் காலில் ஃபிளக்ஸ் தடவி, மெல்லிய சோல்டரிங் அயனை ஒரு விநாடி வைத்தார். உருண்டிருந்த சோல்டர் கண் முன்னே தட்டையாகிக் காலின் மேல் ஏறிப் பளபளத்தது. வீட்டுக்கு வந்து இரண்டு அட்டைகளையும் போட்டு, ரெம்மைச் சோதிக்கும் நிரலை இரவு முழுக்க ஓடவிட்டோம். விடிந்தபோது வெளியே மழை. திரையில் 16 ஜிபி. பிழைகள் என்ற இடத்தில் 0.