ஒற்றைப் பலகைக் கணினிகளில் திறந்த மூல இயங்குதள ஆதரவு

ஒற்றைப் பலகைக் கணினி என்பது செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு இணைப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே சுற்றுப் பலகையில் அமைந்த சிறு கணினி ஆகும். 2008 இல் வெளிவந்த பீகிள்போர்டு, 2012 இல் வெளிவந்த ராஸ்பெரி பை, கியூபிபோர்டு ஆகியன இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். இவற்றுள் பெரும்பாலானவை ஆர்ம் கட்டமைப்புச் செயலிகளைக் கொண்டவை. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்ற திறந்த மூல இயங்குதளங்கள் இவற்றில் இயங்குகின்றன. எனினும் ஒரு பலகையில் லினக்ஸ் இயங்குவதும், அப்பலகைக்கு லினக்ஸின் ஆதரவு இருப்பதும் ஒன்றல்ல. உற்பத்தியாளர் ஒருமுறை ஆக்கித் தந்த கருனியோடு நின்றுவிட்ட பலகை, சில ஆண்டுகளில் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் கிடைக்காத கணினியாகிவிடும்.

மேசைக் கணினியிலிருந்து வேறுபாடு

மேசைக் கணினியில் உள்ள வன்பொருள் பெரும்பாலும் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். பிசிஐ பாட்டையில் செருகப்பட்ட ஒவ்வோர் அட்டையும் தன் உற்பத்தியாளர் எண்ணையும் சாதன எண்ணையும் தாங்கியிருக்கும். கருனி பாட்டையின் ஒவ்வோர் இடத்தையும் வினவி, விடைக்கேற்ற இயக்கியை ஏற்றிக்கொள்ளும். எஞ்சிய விவரங்களை ஏசிபிஐ அட்டவணைகள் தெரிவிக்கும். ஒரே லினக்ஸ் குறுவட்டு வெவ்வேறு நிறுவனங்களின் எண்ணற்ற கணினிகளில் தொடங்கியது இதனால்தான்.

ஆர்ம் சில்லுகளில் இந்த வசதி இல்லை. தொடர் துறை, கடிகாரம், நினைவக அட்டைக் கட்டுப்படுத்தி முதலியன சில்லுக்குள்ளேயே குறிப்பிட்ட முகவரிகளில் அமைந்திருக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டறிய வழியில்லை; முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் ராஸ்பெரி பையின் பிசிஎம்2835 சில்லில் புறக்கருவிகளின் முகவரிகள் பதினறும எண்முறையில் 20000000 இல் தொடங்குகின்றன. 2015 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை 3எஃப்000000 க்கு இடம்பெயர்ந்தன. இயங்குதளம் இன்றி நேரடியாக வன்பொருளில் இயங்கும்படி எழுதிய நிரல் ஒன்று முதற்பலகையில் ஒரு விளக்கை எரியச் செய்தால், அதே நிரல் இரண்டாம் பலகையில் சாதாரண நினைவகத்தில் எதையோ எழுதிவிட்டு வாளாவிருக்கும். பிழைச் செய்திகூட வராது.

சாதன மரம்

தொடக்கத்தில் ஒவ்வொரு பலகைக்கும் உரிய முகவரிகளும் அமைப்புகளும் சி மொழிக் கோப்பாக லினக்ஸ் கருனிக்குள்ளேயே எழுதப்பட்டன. பலகைகள் பெருகப் பெருக இக்கோப்புகளும் பெருகின. ஆர்ம் பகுதியின் இந்த ஒழுங்கின்மை குறித்து 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவும் கடுமையாகவும் கண்டனம் தெரிவித்தார். அதன்பின் ஆர்ம் கட்டமைப்பு, டிவைஸ் ட்ரீ எனப்படும் சாதன மர முறைக்கு விரைந்து மாறியது. இது புதிய கண்டுபிடிப்பன்று. ஓப்பன் ஃபர்ம்வேர் வழியாக ஸ்பார்க், பவர்பிசி கணினிகளில் முன்பே வழங்கியதே.

சாதன மரம் என்பது பலகையில் எந்தச் சாதனம் எந்த முகவரியில் உள்ளது, எந்தக் குறுக்கீட்டு எண்ணைப் பயன்படுத்துகிறது, எந்த மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து மின்சாரம் பெறுகிறது என்பவற்றை விவரிக்கும் உரைக்கோப்பு. அது இரும வடிவுக்கு மாற்றப்பட்டு, தொடக்கத்தின்போது துவக்க ஏற்றியால் கருனியிடம் ஒப்படைக்கப்படும். 2012 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.7, வெவ்வேறு ஆர்ம் சில்லுக் குடும்பங்களுக்கு ஒரே கருனியை உருவாக்க வழிசெய்தது. பிஎஸ்டி வகை இயங்குதளங்களும் சாதன மரங்களைப் படிப்பதால், ஒரு முறை எழுதிய விவரம் பல இயங்குதளங்களுக்கு உதவுகிறது. 2017 இல் வெளியான ஓப்பன்பிஎஸ்டி 6.1, ராஸ்பெரி பையின் மூன்றாம் பதிப்பில் இயங்கியது.

ஆனால் சாதன மரம் இயக்கிக்கு மாற்று அன்று. அது வீட்டின் முகவரியைச் சொல்லும். வீட்டார் பேசும் மொழியை இயக்கிதான் அறிய வேண்டும்.

ராஸ்பெரி பையும் வரைகலைச் செயலியும்

அம்மொழியை உற்பத்தியாளர் வெளியிடாதபோது சிக்கல் தொடங்குகிறது. ராஸ்பெரி பையில் மின்சாரம் வந்தவுடன் முதலில் விழிப்பது ஆர்ம் செயலி அன்று. பிராட்காம் நிறுவனத்தின் வீடியோகோர் வரைகலைச் செயலியே. அது மூலநிரல் வெளியிடப்படாத நிலைபொருளை ஏற்றிய பின்னரே ஆர்ம் செயலிக்கு உயிர் வருகிறது. கல்விக்கென உருவான, லினக்ஸையே நம்பிய பலகைக்கு இது முரணாகத் தோன்றியதில் வியப்பில்லை.

2012 அக்டோபரில் ஆர்ம் பக்கத்து வரைகலை நிரல்கள் திறந்த மூலமாக வெளியிடப்பட்டன. உண்மையான பணி அனைத்தும் மூடிய நிலைபொருளுக்குள்ளேயே நடந்ததாலும், வெளியான நிரல் அதற்குச் செய்திகளைக் கடத்துவதாக மட்டுமே இருந்ததாலும், கருனி உருவாக்குநர்கள் இதனைக் குறைகூறினர், அக்குறை நியாயமானதே. 2014 பிப்ரவரி 28 அன்று பிராட்காம் நிறுவனம் வீடியோகோர் 4 இன் ஆவணங்களையும், அதே வகைச் செயலி கொண்ட ஒரு கைப்பேசிச் சில்லின் வரைகலை மூலநிரலையும் வெளியிட்டது. அந்நிரலைக் கொண்டு ராஸ்பெரி பையில் குவேக் 3 விளையாட்டை முதலில் இயக்கிக் காட்டுபவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. சைமன் ஹால் அதனைப் பெற்றார். அதே ஆண்டு பிராட்காமில் சேர்ந்த எரிக் அன்ஹோல்ட் விசி4 என்னும் இயக்கியை எழுதினார். அது 2016 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.4 இல் இடம்பெற்றது. பலகை விற்பனைக்கு வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடக்க நிலைபொருளோ இதற்குப் பின்னும் மூடியே இருந்தது. 2019 இன் நான்காம் பதிப்பில் அதன் ஒரு பகுதி பலகையிலுள்ள தனி நினைவகச் சில்லுக்கு மாறியதேயன்றி மூலநிரல் வெளியாகவில்லை.

இக்குறைகளுக்கு அப்பாலும் ராஸ்பெரி பைக்கு மென்பொருள் ஆதரவு நீண்ட காலம் தொடர்ந்தது. 2023 இல் வெளியான, டெபியன் 12 ஐ அடிப்படையாகக் கொண்ட ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் பதிப்பு, 2012 இன் முதற்பலகையிலும் இயங்கக்கூடியது.

உற்பத்தியாளர் கருனிகளும் 2016 நிகழ்வும்

சில்லு உற்பத்தியாளர்கள் பலர் லினக்ஸின் ஏதேனும் ஒரு பதிப்பை எடுத்து, தம் சில்லுக்கு ஏற்ப மாற்றி, அதனையே பல ஆண்டுகள் வழங்குகின்றனர். லினக்ஸின் உரிமம் மாற்றிய மூலநிரலைத் தருமாறு கோருகிறதே தவிர, முதன்மைக் கருனியில் சேர்க்குமாறு கோரவில்லை. ஆகவே அம்மாற்றங்கள் வெளியார் சரிபார்ப்புக்கு உட்படுவதில்லை.

இதன் விளைவு 2016 இல் வெளிப்பட்டது. ஆல்வின்னர் நிறுவனம் தன் எச்3, ஏ83டி முதலிய சில்லுகளுக்கு வழங்கிய கருனி, 2012 இல் வெளியான லினக்ஸ் 3.4 ஐ அடிப்படையாகக் கொண்டது. பிழைதிருத்தலுக்காகச் சேர்த்த நிரல் ஒன்று அதில் நீக்கப்படாமல் தங்கிவிட்டது. பலகையில் நுழைந்த எந்தப் பயனரும், எந்த நிரலும், ஒரு கோப்பில் 'ரூட்மைடிவைஸ்' என்னும் சொல்லை எழுதினால் போதும். கணினியின் முழு அதிகாரமும் கைக்கு வந்துவிடும். கடவுச்சொல் தேவையில்லை. மூலநிரலில் இதனை நீக்குவது எளிது. ஆயினும் ஏற்கெனவே விற்பனையான பலகைகளுக்குத் திருத்திய கருனி சென்று சேர்வது, அவற்றுக்கு இயங்குதளம் தந்தவர்களையே பொறுத்திருந்தது. முதன்மைக் கருனியில் இந்நிரல் ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

ஆல்வின்னர் சில்லுகளை முதன்மைக் கருனியில் சேர்க்கும் பணியைப் பெரும்பாலும் லினக்ஸ்-சன்ஷி என்னும் தன்னார்வலர் குழுவினரே மேற்கொண்டனர். ஆவணம் இல்லாத இடங்களில் பழைய நிரலைப் படித்தும், பதிவகங்களில் எழுதப்படும் மதிப்புகளைக் கவனித்தும் இயக்கிகளைப் புதிதாக எழுதினர். நிகழ்பட முடுக்கிக்கான இயக்கிக்கு 2018 இல் பூட்லின் நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான லினக்ஸ் 4.20 இல் அது சேர்ந்தது. இச்சில்லுகள் பலவற்றில் உள்ள மாலி வரைகலைச் செயலிகளுக்கான லிமா, பான்ஃப்ராஸ்ட் ஆகிய திறந்த இயக்கிகள் 2019 ஜூலையில் லினக்ஸ் 5.2 உடன் வந்தன.

ஆதரவை அறியும் வழி

ஒரு பலகையின் ஆதரவை அறிய, அதன் சாதன மரம் முதன்மை லினக்ஸ் மூலநிரலில் உள்ளதா என்று பார்ப்பதே நம்பகமான முதற்படி. 64 பிட் பலகைகளுக்கான மரங்கள் ஆர்ம்64 அடைவினுள் உற்பத்தியாளர் பெயர்வாரியாக வைக்கப்பட்டுள்ளன. யூ-பூட் துவக்க ஏற்றியும் அப்பலகையை அறிந்திருக்க வேண்டும். மரம் இருந்தாலும் எல்லாப் பகுதிகளும் இயங்கும் என்பதில்லை: தொடர் துறை, நினைவக அட்டை, ஈதர்நெட் ஆகியன பொதுவாக முதலில் இயங்கத் தொடங்கும்; திரை வெளியீடு, நிகழ்பட முடுக்கி, மின்சேமிப்பு ஆகியன பிந்தியே வரும். கம்பியில்லா வலையமைப்புச் சில்லுகளுக்கு இயக்கி திறந்ததாக இருந்தாலும், சில்லுக்குள் ஏற்றப்படும் நிலைபொருள் பெரும்பாலும் மூடியதே.