குன்றமும் குளமும் குடிகளும்: சேக்கிழார் பிறந்த குன்றத்தூர்

சென்னை மாநகரின் தென்மேற்கே, பல்லாவரத்திற்கும் பூந்தமல்லிக்கும் இடையே அமைந்திருக்கிறது குன்றத்தூர். காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து, 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாக உயர்ந்தது. வருவாய் வட்டத்தின் தலைமையிடமும் இதுவே. மாநகரின் கூட்டத்தில் கரைந்து போய்விடாமலும், கிராமமாகவே நின்றுவிடாமலும் இருக்கும் சிற்றூர்நகரம் இது. தமிழ்ச் சைவ உலகிற்கோ இதன் பெயர் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளாகப் பழக்கமானது. பெரியபுராணம் தந்த தெய்வச் சேக்கிழார் தோன்றிய திருவூர் இதுதான்.

அருண்மொழித்தேவர் பிறந்த மண்

பண்டைத் தொண்டை மண்டலம் இருபத்து நான்கு கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது குன்றத்தூர் நாடு. அங்கு வேளாளர் மரபில், சேக்கிழார் குடியில் தோன்றியவர் அருண்மொழித்தேவர். அவருடைய தம்பி பாலறாவாயர். அருண்மொழித்தேவரின் கல்வியையும் அறிவையும் கேள்வியுற்ற அநபாய சோழன், அவரைத் தன் அமைச்சராக்கி, 'உத்தம சோழப் பல்லவர்' என்னும் பட்டமும் அளித்தான் என்று உமாபதி சிவாசாரியார் அருளிய சேக்கிழார் புராணம் கூறுகிறது.

மலையினும் பெரியது எது, கடலினும் பெரியது எது, உலகினும் பெரியது எது என்று சோழன் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இளைஞரான அருண்மொழித்தேவர் திருக்குறளைக் கொண்டே விடையளித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நிலை மாறாத அடக்கமுடையவன் தோற்றம் மலையினும் உயர்ந்தது. பயன் கருதாமல் செய்த உதவியின் நன்மை கடலினும் பெரியது. தக்க நேரத்தில் செய்த உதவி, சிறிதாயினும், உலகினும் பெரியது. குன்றத்தூர்க் குடிகளின் வாழ்க்கையை நோக்குவோர்க்கு இந்த மூன்றாம் விடை பலமுறை நினைவுக்கு வரும்.

அமைச்சராகி நாட்டின் பொறுப்பைத் தாங்கியபோதும் அவர் உள்ளம் கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்து இறைவனிடமே தங்கியது. அத்தலத்தின் நினைவாகவே தாம் பிறந்த ஊரிலும் ஓர் ஆலயம் எடுப்பித்தார். அதுவே இன்று 'வட திருநாகேசுவரம்' என வழங்கும் நாகேசுவரர் திருக்கோயில். இறைவி காமாட்சியம்மை. இராகு தலமாகப் போற்றப்படுவதால் இராகு காலங்களில் பால் அபிடேகத்திற்கு அன்பர்கள் திரளுகின்றனர். பரிகாரம் நாடி வருவோர், இக்கோயிலை எழுப்பியவர் யார் என்பதையும் அறிந்து, சேக்கிழார் சந்நிதியிலும் ஒரு கணம் நின்று செல்வது நன்று. ஊரில் அவருக்குத் தனிக்கோயிலும் உண்டு. வைகாசிப் பூச நாளில் அவருடைய குருபூசை சிறப்புற நடைபெறுகிறது.

குன்றின் மேல் குமரன்

ஊருக்குப் பெயர் தந்த குன்றின் மேல் முருகப்பெருமான் வீற்றிருக்கிறார். படிகள் எண்பத்து நான்கு. முதியோரும் நின்று நின்று ஏறிவிடக்கூடிய உயரமே. திருப்போரூரில் அசுரரை வென்று திருத்தணிகைக்குச் செல்லும் வழியில் பெருமான் இங்கே தங்கினார் என்பது தலவரலாறு. 'தென் தணிகை' என்னும் பெயரும் இதற்கு உண்டு. வள்ளி, தெய்வயானை இருவரும் உடனிருப்பினும், சந்நிதியின் எந்தப் பக்கம் நின்று நோக்கினாலும் ஒரு தேவியருடன் மட்டுமே பெருமானைக் காண இயலும். இது இத்தலத்தின் தனிச்சிறப்பு. மலையடிவாரத்தில் கந்தழீசுவரர் கோயிலும் திருவூரகப் பெருமாள் கோயிலும் உள்ளன. சைவமும் வைணவமும் கௌமாரமும் நடந்தே சென்று தொழும் தொலைவில் அமைந்த ஊர்கள் மிகப் பல இல்லை.

கிருத்திகை, தைப்பூசம், பங்குனி உத்திரம், கந்த சஷ்டி ஆகிய நாள்களில் அடிவாரத் தெருக்களில் கால் வைக்க இடமிராது. முகூர்த்த நாள்களில் மலைமேல் மணமக்கள் வரிசையாகக் காத்திருப்பர். பெரிய மண்டபம் பிடிக்க வசதியற்ற குடும்பங்கள் முருகன் சந்நிதியில் தாலி கட்டி, அடிவாரத்தில் சிற்றுண்டி அளித்துத் திருமணத்தை நிறைவேற்றிக்கொள்கின்றன. காத்யாயனி அம்மனைத் தொழுதால் மணத்தடை நீங்கும் என்று நம்பி வருவோரும் பலர்.

நகரமாகிவிட்ட ஊர்

ஒரு தலைமுறைக்கு முன் இவ்வூரின் அடையாளங்கள் வயலும் தறியும். பட்டு நெசவாளர் குடும்பங்களின் வீடுகளில் தறியோசை காலை முதல் கேட்கும். இன்று வயல்கள் மனைகளாகிவிட்டன. தறிகளும் குறைந்துவிட்டன. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையும், திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையும் புதிய குடிகளைக் கொண்டு வந்து சேர்த்தன. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், வட மாநிலத் தொழிலாளர்கள், மாநகர வாடகை தாங்காமல் இடம்பெயர்ந்தவர்கள் எனப் பலரும் இன்று ஒரே தெருவில் வசிக்கின்றனர்.

அடுக்குமாடி வீட்டில் எதிர்க்கதவின் பெயர்ப்பலகையைப் படித்ததோடு அறிமுகம் முடிந்துவிடும் காலம் இது. அத்தகையோர் ஒருவரையொருவர் அறியும் இடமாகக் கோயில்களே இங்கு விளங்குகின்றன. பிரதோஷ நேரத்தில் பூத்தொடுக்கும் மகளிர், திருமுறை ஓதும் சிறுவர்கள், அன்னதானத்திற்குக் காய் நறுக்கும் ஓய்வுபெற்ற அலுவலர்கள் என ஒரு சிறு குடும்பம் தானே உருவாகிறது. கோடைக்கால நீர்மோர்ப் பந்தலில் பழங்குடியும் புதுக்குடியும் ஒன்றாக நின்று வழிப்போக்கர்க்கு மோர் வார்க்கின்றனர். திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்த அப்பூதியடிகளைப் பாடியவரின் ஊரில் இது பொருத்தமே.

பெரியபுராணமே அத்தகைய ஒரு கூட்டுக் குடும்பம்தானே! தனியடியார் அறுபத்து மூவர், தொகையடியார் ஒன்பதின்மர். அவர்களுள் மன்னர் உண்டு. குயவர், வண்ணார், பரதவர் உண்டு. நேச நாயனாரோ நெசவாளர். தில்லையில் அந்நூல் அரங்கேறியபோது சோழ மன்னன் சேக்கிழாரை யானைமேல் ஏற்றி, தானும் பின்னமர்ந்து கவரி வீசினான். தொண்டின் முன் குலமும் செல்வமும் பின்னே நிற்கும் என்பதை அரசனே ஊரறியக் காட்டிய நாள் அது.

நீர் தந்த பாடம்

குன்றத்தூரின் மேற்கே அருகிலேயே பரந்து கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய இவ்வேரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. மதகு திறக்கப்படும்போதெல்லாம் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று வெள்ள எச்சரிக்கைப் பட்டியல் வெளிவரும். உபரிநீர் இவ்வழியே சென்றுதான் அடையாற்றை அடைகிறது.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் பெய்த பெருமழையில் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றங்கரையின் தாழ்வான பகுதிகள் இரவோடிரவாக மூழ்கின. அந்நாள்களில் சென்னையிலும் புறநகர்களிலும் வழிபாட்டிடங்களும் பள்ளிகளும் மண்டபங்களும் வீடிழந்தோர்க்குத் திறந்துவிடப்பட்டன. முன்பின் அறியாதவர் கையால் பலர் உணவு பெற்றனர். மழை கொட்டும் நள்ளிரவில், விதைத்த நெல்லை வாரி வந்து அடியார்க்கு அமுதிட்ட இளையான்குடி மாறனாரின் வரலாறு வெறும் கதையன்று என்பது அன்று விளங்கியது.

வெள்ளம் வடிந்தபின் எஞ்சிய கேள்வி கடினமானது. நீர் செல்ல வேண்டிய வாய்க்காலை யார் அடைத்தது? நீர் தங்க வேண்டிய குளத்தைத் தூர்ந்துபோக விட்டது யார்? அரசுக்கு இதில் கடமை உண்டு. ஆயினும் குப்பைப் பையைக் கால்வாயில் எறியும் கை அரசின் கையன்று. பூசை முடிந்த மாலைகளையும் நெகிழி உறைகளையும் குளத்தில் விட்டுத் திரும்பும் பக்தியும் பக்தியாகாது.

இதற்கும் சேக்கிழார் ஓர் அடியாரைக் காட்டியிருக்கிறார். திருவாரூரில் பிறவியிலேயே கண்ணொளி இல்லாத தண்டியடிகள், திருக்குளம் தூர்ந்து சுருங்குவதை உணர்ந்து, கரைகளில் தறி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவியபடியே இறங்கி மண் சுமந்தார். எள்ளியவர்களுக்காக அவர் தம் பணியை நிறுத்தவில்லை. குளம் தூர்வாருவது சிவத்தொண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கண்ணிருந்தும் காணாதிருப்போர் அவர் வரலாற்றை ஒருமுறை படித்தல் வேண்டும்.

இன்று குன்றத்தூருக்கு வாய்த்திருக்கும் சோதனை இதுவே. இன்னும் ஆயிரம் வீடுகள் எழும், சாலைகள் அகலும். ஊர் பெருகுவதைத் தடுக்க இயலாது; தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் வருகின்ற குடும்பம் ஒவ்வொன்றும் இவ்வூரை வெறும் உறங்கும் இடமாகக் கொள்ளாமல், ஒரு குளத்திற்கும் ஒரு தெருவிற்கும் ஓர் அயலார்க்கும் தாம் கடமைப்பட்டவர் என்று கொண்டால் போதும். பெருமான் 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுக்கத் தொடங்கிய நூலின் ஆசிரியர் பிறந்த ஊர், வந்தவரையெல்லாம் தன்னவராக ஏற்றுக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை.

செல்லும் வழி: பல்லாவரம், போரூர், பூந்தமல்லி ஆகிய இடங்களிலிருந்து குன்றத்தூருக்குப் பேருந்து வசதி உள்ளது. ஒரே நாளில் வட திருநாகேசுவரம், குன்றின் மேல் முருகன், கந்தழீசுவரர், திருவூரகப் பெருமாள், காத்யாயனி அம்மன் ஆகிய ஐந்து சந்நிதிகளையும் தரிசிக்கலாம். அருகிலுள்ள மாங்காடு காமாட்சியம்மனையும் சேர்த்துத் தொழுது வருவோர் பலர்.