பல்லாங்குழி: ஆடும் முறையும் காய்க்கணக்கும்

சீட்டாட்டத்தில் எதிராளியின் கை மறைந்திருக்கும். பல்லாங்குழியில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இருவருடைய காய்களும் இருவர் கண்முன்னே கிடக்கின்றன. அவ்வாறிருந்தும் ஆட்டத்தின் நடுவே வழக்கு மூளாத வீடு அரிது. ஊருக்கு ஊர் முறை சிறிது வேறுபடுகின்றது. எம்முறைப்படி ஆடுவது என்பதை ஆடுவோர் முன்னதாகப் பேசிக்கொள்வதுமில்லை. மலைமேல் மிளகும் காப்பியும் விளைவிப்போர் வீட்டு முறையும், கீழே தறி நெய்வோர் வீட்டு முறையும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வதற்கில்லை. ஆகவே, தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் ஐந்து காய் முறையை அங்கத்தினர் அறியுமாறு ஈண்டு விளக்குகின்றோம்.

பலகையில் இரு வரிசை. வரிசைக்கு ஏழு குழி. ஒவ்வொருவருக்கும் தம் பக்கத்து ஏழு குழிகளும் உடைமை. குழிக்கு ஐந்தாகக் காய் இட வேண்டும். ஆக மொத்தம் 70 காய்கள். காரவள்ளியிலிருந்து நமது சோளக்காட்டிற்கு ஏறிவரும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளும் எழுபதே ஆதலின், இவ்வெண்ணை நம்மவர் மறக்க வழியில்லை. புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி எதுவாயினும் காயாகக் கொள்ளலாம். குன்றிமணியை மட்டும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டுகிறோம். அதன் பருப்பு கொடிய நஞ்சு. பலகை இல்லாதவர் தரையில் குழி தோண்டிக் கொள்ளலாம்; ஆட்டத்திற்குக் குறைவில்லை.

ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றின் காய்களை முழுதும் அள்ளி, அடுத்த குழி முதல் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்ல வேண்டும். தம் வரிசையில் இடமிருந்து வலமாகச் சென்று, எதிர் வரிசையில் வலமிருந்து இடமாகத் திரும்பி வருவது வழி. கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளவற்றை அள்ளி மேலும் இட வேண்டும். அவ்வாறு அள்ள வேண்டிய குழி வெறுமையாக இருப்பின், அதனை விரலால் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளவை அனைத்தையும் தம் வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அத்துடன் முறை எதிராளிக்குச் செல்லும். இரு குழிகள் தொடர்ந்து வெறுமையாயின் ஒன்றும் கிட்டாது. முறை மட்டும் போய்விடும். சில ஊர்களில் காய் எடுத்த பின்னும் அடுத்த குழியிலிருந்து தொடர்ந்து ஆடுவர். இரண்டும் முறைதான், ஆனால் ஒரே ஆட்டத்தில் இரண்டையும் கலத்தல் ஆகாது.

எடுத்துக்காட்டாக, நமது குழிகளை இடமிருந்து 1 முதல் 7 என்றும், எதிராளியின் குழிகளை நம் ஏழாவதன் எதிரிலிருந்து தொடங்கி 8 முதல் 14 என்றும் கொள்வோம். முதற் குழியிலிருந்து தொடங்கினால் கை ஆறில் தீரும். ஏழாவதை அள்ளினால் 12-இலும், பதின்மூன்றாவதை அள்ளினால் நான்கிலும் தீரும். ஐந்தாவதில் இப்போது உள்ள ஆறு காய்கள் 11 வரை செல்லும். பன்னிரண்டாவதன் ஆறும் மீண்டும் நான்கில் வந்து முடியும். அடுத்த ஐந்தாம் குழி வெறுமை; அதனைத் துடைத்து ஆறாம் குழியிலுள்ள ஏழு காய்களை எடுக்கலாம். தொடக்கத்தில் எல்லாக் குழியிலும் ஐந்தே இருப்பதால், எந்தக் குழியில் தொடங்கினாலும் முதல் ஆட்டக்காரருக்கு ஏழு காய்கள் உறுதி. ஆதலால் சுற்றுக்குச் சுற்று தொடங்குபவரை மாற்றுவதே நியாயம்.

இப்போது எதிராளி என் செய்வார்? பதினோராம் குழியில் ஏழு காய்கள் நிறைவாகத் தோன்றும். அதனை அள்ளினால் நான்காம் குழியில் தீரும். அடுத்து ஐந்தும் வெறுமை, ஆறும் வெறுமை. கைக்கு ஒன்றுமில்லை. மாறாக, பதின்மூன்றாம் குழியில் ஒற்றைக் காயே உள்ளது. அதனை எடுத்துப் பதினான்கில் இட்டால், அடுத்த முதற்குழியின் இரு காய்கள் இரண்டிலும் மூன்றிலும் விழும். நான்காம் குழியின் எட்டுக் காய்கள் பன்னிரண்டு வரை செல்லும். பதின்மூன்று இப்போது வெறுமை. பதினான்கில் உள்ள எட்டும் அவருக்கே. நிறைந்த குழி ஏமாற்ற, ஒற்றைக் காய் எட்டு தந்தது. அள்ளுமுன் கை எங்கே தீரும் என்று எண்ணிப் பார்க்கும் இப்பழக்கமே ஆட்டத்தின் உயிர். கண்ணால் எண்ணலாம்; காயைத் தொட்ட பின் மாற்றலாகாது.

பெரும்பாலான வழக்குகள் 'பசு'வைப் பற்றியவை. காய் இட்டுச் செல்லுங்கால் ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது பசு. அக்குழி எவருடையதோ அவர் அந்நான்கையும் உடனே எடுத்துக்கொள்ளலாம். இட்டவர் எவர் என்பது கருத்தன்று. 'நான் இட்டேன், எனக்கே சேரும்' என்போர் உளர். அது ஆட்டத்தின் சுவையைக் கெடுக்கும் என்பது நம் கருத்து. எதிராளியின் குழியில் மூன்று காய்கள் இருக்கையில் அதன் வழியே செல்லலாமா கூடாதா என்ற ஆராய்ச்சி அப்போது இல்லாமற் போய்விடும்.

தம் முறை வருங்கால் ஒருவர் பக்கத்தில் காயே இல்லையெனில் சுற்று முடிந்தது. எதிர்ப்பக்கத்தில் எஞ்சியவை அப்பக்கத்தார்க்கே உரியவை. இனிக் கணக்கு. ஒருவரிடம் 43, மற்றவரிடம் 27 எனக் கொள்வோம். முன்னவர் ஏழு குழிகளையும் 35 காய்களால் நிரப்பி, 8 காய்களைக் கையில் வைத்துக்கொள்வார். பின்னவர் ஐந்து குழிகளையே நிரப்ப இயலும். 2 காய்கள் கையில் நிற்கும். நிரம்பாத இரு குழிகள் அடைபட்டவை. அவற்றில் இருவரும் காய் இடாது தாண்டிச் செல்ல வேண்டும். அடுத்த சுற்றில் அவர் முப்பதோ அதற்கு மேலோ சேர்த்தால் ஆறாம் குழியை மீட்கலாம்.

மீட்பது எளிதன்று. குழி குறைந்தால் தொடங்குவதற்குரிய இடங்கள் குறைகின்றன. பசு குழிக்குடையவருக்கே சேர்வதால் அவ்வரவும் சுருங்குகிறது. வென்றவரின் எட்டுக் காய்களோ, நம் சங்கத்தின் சேமநிதி போல, இழப்பு அணுகாத இடத்தில் இருக்கின்றன. தோற்றவர் தம்மிடமுள்ளதில் ஏறத்தாழ அனைத்தையும் பலகையில் வைத்தே ஆட வேண்டும். ஐந்து காய்க்கும் குறைந்து போனவர் உள்ளவற்றைக் குழிக்கு ஒன்றாக இட்டு ஆடுவதும் உண்டு. இதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். விளையாட்டில் வறுமைக்கு இவ்வளவு பொருத்தமான பெயரிட்டவர், வறுமையை அறிந்தவராகவே இருந்திருப்பார்.

பாளையங்கோட்டைப் பேராசிரியர் தொ. பரமசிவன் (1950–2020) இவ்வாட்டத்தைப் பற்றி எழுதுகையில், சமமாகத் தொடங்கிய உடைமை ஒருவரிடம் குவிந்து தனிச்சொத்தாகிய வரலாற்றின் சாயலை இதில் கண்டார். அவர் கருத்தை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். எனினும், முதற் சுற்றில் 35-க்கு 35 என அமர்ந்த இருவர் நான்காம் சுற்றில் எவ்வாறு பிரிந்து நிற்கிறார்கள் என்பதைக் கடன் வாங்கி வெள்ளாமை செய்தவர் எவரும் விளக்கமின்றி உணர்வர்.

இது நமக்கு மட்டும் உரிய ஆட்டமுமன்று. கன்னட நாட்டில் அளகுளி மனே என்றும், ஆந்திரத்தில் வாமனகுண்டலு என்றும் வழங்குவது இதன் இனமே. இலங்கையில் சிங்களவர் 'ஒலிந்த கெலிய' என்பர். ஒலிந்த என்பது குன்றிமணி. மலாய் நாட்டில் சொங்காக். மேற்கு ஆப்பிரிக்காவிலும் குழிக்குக் குழி காய் விதைத்து எடுக்கும் ஆட்டம் இன்றும் நடைபெறுகிறது.

சுற்று முடிந்ததும் இருவரும் உரக்க எண்ணிக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை 70 வராவிடில் பலகையைக் கவிழ்த்தும், பாயை உதறியும், அருகிலுள்ள குழந்தையின் கையைத் திறந்தும் பார்க்க. எழுபதும் தேறிய பின்னரே அடுத்த சுற்றுக்குக் குழி நிரப்புதல் வேண்டும்.