உறையில் ஒட்டிய துண்டு

புதிதாக வந்த இசைத்தட்டின் உறை மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். முதலில் கேட்டவர் அதில் பேனையால் நாலு வரி எழுதியிருப்பார்: இது என்ன மாதிரியான இசை, எந்தப் பாட்டை முதலில் போடலாம், எதைத் தவிர்க்கலாம். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து அவர் சொன்னதை மறுத்திருக்கும். மூன்றாவது கையெழுத்து இரண்டு பேரையும் கிண்டலடித்திருக்கும். சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 1972 இல் தொடங்கிய கே.சி.எம்.யூ வானொலியில், 1980களின் இசைத்தட்டுகள் பல இந்தக் கோலத்தில்தான் இருந்தன. 2001 இல் அந்த நிலையம் கே.இ.எக்ஸ்.பி எனப் பெயர் மாறியது. பழைய உறைக் குறிப்புகளை எடுத்து ஒரு தொடராகவே வெளியிடும் அளவுக்கு அவற்றைப் பேணி வைத்திருக்கிறது. ஒலிபரப்பி, ஒலிவாங்கி, கலையகம் எல்லாவற்றையும்விட இந்தத் துண்டுதான் கல்லூரி வானொலி என்ற வண்டியின் அச்சாணி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று பாட்டுக்குப் பஞ்சமில்லை, பாடுகிறவருக்கும் பஞ்சமில்லை. இல்லாதது அந்தத் துண்டு. அதை எழுதுவது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கைத்தொழில்; கற்றால் இங்கே நடக்கும்.

தொழிலின் முறை எளிது. சினிமாவையோ பெரிய நிறுவனத்தையோ சாராமல் தாமே பாடி, தாமே பதிந்து, தாமே வெளியிடுகிறவர்களின் ஆக்கங்கள் நிலையத்துக்கு வந்து சேரும். ஒரு காலத்தில் இசைத்தட்டாகவும் கசெற்றாகவும் இறுவட்டாகவும் வந்தன. இன்று கோப்பாக வருகின்றன. இசைப் பொறுப்பாளர் அவற்றைத் தொண்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். பொறுப்பேற்றவர் தொகுப்பு முழுவதையும் கேட்கவேண்டும். முதற்பாட்டின் முதல் நிமிடத்தோடு முடிவெடுப்பது இந்தத் தொழிலில் பெரிய பாவம். கேட்ட பின் துண்டு எழுதப்படும். அதன் பிறகு ஆக்கம் சுழற்சி அடுக்குக்குப் போகும்: அடிக்கடி ஒலிக்க வேண்டியவை ஒரு தட்டில், இடையிடையே ஒலிக்க வேண்டியவை இன்னொன்றில், மிச்சம் நூலகத்தில். நள்ளிரவு நிகழ்ச்சிக்கு வரும் மாணவி அந்தத் தொகுப்பை வாழ்க்கையில் கேட்டிருக்கமாட்டாள். உறையைப் பார்த்து இருபது விநாடியில் முடிவெடுப்பாள். ஆகவே துண்டு எழுதுகிறவர் பாடகருக்காகவோ பேராசிரியருக்காகவோ எழுதுவதில்லை. அவசரத்தில் இருக்கும் அந்த ஒருத்திக்காக எழுதுகிறார். எழுத்து எப்படி இருக்கவேண்டும் என்பதை இந்த ஒரு விதியே தீர்மானித்துவிடும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கோண்டாவிலில் ஒரு வீட்டு அறையில் பதிந்த ராப் பாட்டு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தவில் அடியும் கணினித் தாளமும் கலந்த பாட்டு. 'அருமையான படைப்பு, மண்ணின் குரல், வாழ்த்துகள்' என்று ஒருவர் எழுதினால் நள்ளிரவு மாணவிக்கு அதில் ஒரு சொல்லும் உதவாது. நல்ல துண்டு வேறு மாதிரி இருக்கும்: 'தவிலும் கணினித் தாளமும். முதல் 40 விநாடி வெறும் வாத்தியம், அதன் மேல் பேசலாம். 1.50 இல் ஒரு வசைச்சொல், இரவு 10 மணிக்கு முன் போடவேண்டாம். பல்லவி நான்கு தரம் வருகிறது, மூன்று போதும். மூன்றாம் நிமிடத்தில் தாளம் ஓய்ந்து தவில் தனித்து நிற்கிறது. அந்த இடத்துக்காகவே போடு. பழைய கூத்துப்பாட்டு ஒன்றுக்குப் பின்னால் வைத்தால் பொருந்தும்.' இதில் பாராட்டு உண்டு, குறை உண்டு, எச்சரிக்கை உண்டு, அடுத்து எதோடு சேர்ப்பது என்ற வழியும் உண்டு. ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்க்கலாம். 'பல்லவி கூடிப்போயிற்று' என்று சொன்னவரோடு சண்டை பிடிக்கலாம். 'மண்ணின் குரல்' என்று சொன்னவரோடு பிடிக்க முடியாது. சரிபார்க்கக்கூடிய சொல்லே விமர்சனம். மற்றது மாலை மரியாதை.

நாலு வரி எழுதி என்ன ஆகும் என்று கேட்டால் சியாட்டிலே பதில். 1948 இல் அமெரிக்க அரசு கல்வி நிறுவனங்களுக்கு வெறும் 10 வாற்று வலுவில் பண்பலை ஒலிபரப்ப இடம் கொடுத்தது. வீட்டு எல்.ஈ.டி மின்குமிழ் ஒன்றின் வலு அது. விளம்பரம் இல்லாததால் யாருடைய தயவும் தேவைப்படாத நிலையங்கள் அதனால் முளைத்தன. ஒலிம்பியா நகரில் எவர்கிரீன் கல்லூரியின் கேயாஸ் வானொலி, சுயாதீன நிறுவனங்களின் இசைத்தட்டு உறை ஓரத்தில் பச்சை நாடா ஒட்டி, அவற்றுக்கே முன்னுரிமை கொடுத்தது. அங்கே படித்த புரூஸ் பவிட் 1980 இல், பிற்பாடு சப் பொப் எனப் பெயர் சுருங்கிய ஒரு சிறு இதழில் ஊர்க் குழுக்களின் இசையைப் பற்றி எழுதத் தொடங்கினார், பிறகு கே.சி.எம்.யூவில் நிகழ்ச்சி நடத்தினார். அதே நிலையத்தில் உள்ளூர் இசைக்கென்று ஒரு நிகழ்ச்சி நடத்தியவர் ஜொனதன் போன்மன். இருவரும் சேர்ந்து அந்த இதழின் பெயரிலேயே இசைத்தட்டு நிறுவனம் நடத்தினார்கள். 1988 இல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஒரு சிறு தட்டுத்தான் நிர்வாணா குழுவின் முதல் வெளியீடு. மூன்று ஆண்டு கழித்து அந்தக் குழுவை உலகமே கேட்டது. இங்கே வரிசையைக் கவனிக்கவேண்டும்: முதலில் கேட்டு எழுதினார்கள், ஒலிபரப்பினார்கள், அதற்குப் பிறகுதான் நிறுவனமும் புகழும் வந்தன. நாங்கள் வழக்கமாக இதைத் தலைகீழாக எதிர்பார்க்கிறோம்.

இலங்கைக்கு வானொலி புதிதல்ல. கொழும்பில் 1925 இலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பாக்கு நீரிணையின் இரு கரையும் கேட்டன. அந்தப் புகழின் பெரும்பகுதி இந்தியச் சினிமாப் பாட்டால் வந்தது என்றாலும், ஈழத்து மெல்லிசை என்ற தனி வகை வளர்ந்ததும் அதே நிலையத்தில்தான். பாடகராகவும் ஒலிபரப்பாளராகவும் இருந்த எஸ்.கே.பரராஜசிங்கம், இசையமைப்பாளர்கள் எம்.கே.றொக்சாமி, ஆர்.முத்துசாமி போன்றவர்கள் அதற்கு உழைத்தார்கள். இன்னொரு கிளை மாணவர் விடுதியில் முளைத்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் படித்த காலத்தில் கிற்றாரோடு பாடத் தொடங்கிய 'சின்ன மாமியே' தமிழ்ப் பொப் பாட்டுக்கு வாசல் திறந்தது. பைலாத் தாளம், யாழ்ப்பாணப் பேச்சு, வீட்டுக் கேலி என்று எந்த இசைக் கல்லூரியும் கற்றுக்கொடுக்காத கலவை அது. கல்லூரிக்குள் பிறந்த சுயாதீன இசைக்கு எங்கள் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. மாணவரிடம் பாட்டு இருந்தது. அதை எடுத்து ஒலிபரப்ப மாணவர் கையில் வானொலி இருக்கவில்லை.

பெரிய நிலையம் பாட்டைத் தெரிந்தெடுத்த முறைக்கு வேறொரு சான்றும் உண்டு. 1952 இல் லக்னோவிலிருந்து பேராசிரியர் ரத்தஞ்சங்கர் வரவழைக்கப்பட்டு, வானொலிக் கலைஞர்களைப் பரீட்சித்துத் தரம் பிரித்தார். சிங்கள இசையில் அன்று பெரும் புகழோடு இருந்த சுனில் சாந்த அந்தப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். வானொலியில் அவருக்கிருந்த இடம் போயிற்று. பரீட்சித்தவரின் புலமையில் குறை சொல்லத் தேவையில்லை. குறை அந்த முறையில் இருந்தது. கலைஞரின் மேல் ஒரு தரம் குத்தப்படுகிறது. எதற்காக என்று கேட்பவருக்குத் தெரியாது, மறுத்து எழுத இடமும் இல்லை. உறைத் துண்டு இதற்கு நேர் எதிரானது. அது ஆளை எடைபோடாமல் பாட்டை எடைபோடுகிறது. காரணத்தைச் சொல்கிறது. அடுத்தவர் மறுக்கக் கீழே இடம் விட்டு வைக்கிறது. வடிகட்டல் இரண்டிலும் உண்டு; ஒன்றில் தீர்ப்பு மட்டும் மிஞ்சுகிறது, மற்றதில் வாதமும் மிஞ்சுகிறது.

இந்தக் காலத்தில் இதெல்லாம் வேண்டியதில்லை, யூடியூப்பே தெரிந்து தருகிறதே என்பது முதல் எதிர்வாதம். பாட்டை ஏற்ற அனுமதி கேட்கத் தேவையில்லாத காலம் இது என்பது உண்மை. அது பெரிய விடுதலையும்கூட. ஆனால் யூடியூப்பின் கணிமுறை நாம் ஏற்கெனவே பார்த்ததை வைத்து அடுத்ததை நீட்டுகிறது. ஆயிரம் பேர் பார்த்ததைப் பத்தாயிரம் பேருக்குக் காட்டுவது அதற்குச் சுலபம். ஏழு பேர் மட்டும் கேட்ட பாட்டு ஏன் நல்லது என்று அதனால் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் என்ற ஒரே கூடைக்குள் சென்னையின் சினிமாப் பாட்டும் சுன்னாகத்துச் சுயாதீனப் பாட்டும் போட்டியிடவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல் 2021 இல் வெளியிட்ட தொகுப்புக்கு 'மேட் இன் ஜஃப்னா' என்றே பெயர். ரொறன்ரோவில் ஊர்ப்பெயர் தாங்கி நிற்கும் அந்தக் குரலுக்கும் ஊரிலேயே இருந்து பதிகிற குரலுக்கும் உறவு என்ன, வேறுபாடு என்ன? கணிமுறைக்கு இந்தக் கேள்வியே எழாது. பக்கத்துப் பக்கமாக வைத்துக் கேட்ட ஒரு மனிதர் எழுதினால்தான் உண்டு.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. ஊர் சிறியது, பாடுகிறவர் யாரோ ஒருவரின் மருமகன், ஒருவரின் மாணவன். குறை எழுதினால் பகை, எழுதாவிட்டால் பொய். அதோடு மாணவர்கள் தங்கள் நண்பர் கூட்டத்தின் பாட்டையே தூக்கிப் பிடிக்கமாட்டார்களா? பிடிப்பார்கள், எந்தக் கல்லூரி வானொலியும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. மருந்து துண்டின் அமைப்பிலேயே இருக்கிறது. எழுதியவர் தன் பெயரைப் போடவேண்டும். தெரிந்தவரின் பாட்டு என்றால் துண்டை வேறொருவர் எழுதவேண்டும். ஒரே தொகுப்பை இரண்டு பேராவது கேட்கவேண்டும். குறையை ஆளின் மேல் வைக்காமல் நிமிடத்தின் மேல் வைக்கவேண்டும்: 'இவனுக்குச் சுருதி தெரியாது' என்பது பகை; '2.20 இல் குரல் சுருதி விலகுகிறது, திரும்பப் பதிந்தால் நல்லது' என்பது உதவி. வீட்டு அறையில் தனியே பதிகிற இளைஞருக்கு மற்ற எதைவிடவும் அரிதாகக் கிடைப்பது இந்த இரண்டாவது வாக்கியம்தான். விருப்பக்குறிகள் அவருக்கு நூற்றுக்கணக்கில் கிடைத்துவிடும்.

நிலையத்துக்கு எங்கே போவது, அலைவரிசைக்கு யார் அனுமதி தருவார் என்பது மூன்றாவது. இந்தியாவில் 2002 இன் இறுதியில் கல்வி நிறுவனங்களுக்குச் சமூக வானொலி அனுமதி திறக்கப்பட, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம் 2004 பெப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹேர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. இலங்கையில் 1981 இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியும் 1989 இல் வந்த கொத்மலை வானொலியும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் நடந்தவை. மாணவர் தனித்து அலைவரிசை பெறுவது இங்கே எளிதல்ல. ஆனால் இந்தத் தடை ஒலிபரப்பிக்குத்தான், துண்டுக்கு இல்லை. 1990க்குப் பிறகு மின்சாரமும் பற்றரியும் இல்லாத குடாநாட்டில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னில் வானொலி கேட்ட தலைமுறை இருந்தது. கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். கேட்பதற்கே உழைக்கவேண்டியிருந்ததால், எதைக் கேட்பது என்று தெரிந்தெடுக்கவேண்டியும் இருந்தது. இன்று கருவி மலிவு. அந்தத் தெரிந்தெடுப்புத்தான் அரிதாகிவிட்டது. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கை மாணவர் இருக்கிறார்கள். மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து பல்கலைக்கழகப் பீடமாக வளர்ந்த இடத்தில், சுருதியும் தாளமும் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தரப்புக்கு ஒலிபரப்புத் தெரியும், மறு தரப்புக்கு இசை தெரியும். வாரம் பத்துப் பாட்டு, பாட்டுக்கு இரண்டு பேர், ஆளுக்கு நாலு வரி. ஒலிபரப்ப இணையம் போதும்.

கே.சி.எம்.யூவின் உறைகளை இன்று எடுத்துப் பார்ப்பவர், புகழ் வருவதற்கு முன் அந்தப் பாட்டுகள் ஒரு மாணவர் காதில் எப்படி விழுந்தன என்று அறிகிறார். சில துண்டுகள் தவறாகக் கணித்தவை, அதனாலேயே சுவையானவை. 'சின்ன மாமியே' பாட்டை முதன்முதலில் ஒலிபரப்பத் தெரிந்தெடுத்தவர் உறையில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால், யாழ்ப்பாணத்துப் பேச்சு பொப் பாட்டாக வானொலிக்குள் நுழைந்த அன்றைய நாளின் வியப்போ முகச்சுளிப்போ நம் கைக்கு வந்திருக்கும். பாட்டு வந்து சேர்ந்தது. கேட்டவரின் சொல் வரவில்லை. இந்த வாரம் இணுவிலிலோ பருத்தித்துறையிலோ யாரோ ஒருவர் பதிந்து ஏற்றிய பாட்டுக்கும் அந்தக் கதி நேராமல் காக்க ஒரு பேனையும் கால்தாளும் போதும்.