1,039 மணி நேரம்: அமெரிக்கக் காட்டில் தொல்லியல் வேலைக்குப் போகுமுன்

தேசியக் காடுகளின் கோடைக்காலத் தொல்லியல் பணிகளுக்கு விண்ணப்பக் கெடு நெருங்கும் நேரத்தில் அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மகளோ மகனோ அங்கேயே பிறந்து, தொல்லியல் படித்து முடித்திருக்கிறார். வனத்துறையில் ஆறு மாத வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. மத்திய அரசு வேலைதானே, நாலைந்து கோடை உழைத்தால் தானாக நிரந்தரம் ஆகிவிடும் அல்லவா?

ஆகாது. அந்த வேலை அப்படி ஆகிவிடாதபடியே அளந்து வெட்டப்பட்டிருக்கிறது.

முதலில் வேலையைப் பற்றிச் சுருக்கமாக. 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம், 106-ஆம் பிரிவு: மத்திய அரசு மரம் வெட்ட ஏலம் விட்டாலும், பாதை போட்டாலும், காய்ந்த புதரைத் திட்டமிட்டு எரித்தாலும், அதனால் பழைமையான இடங்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். இதைப் பாதுகாப்புச் சட்டம் என்று அதிகாரிகள் பெருமையோடு சொல்வார்கள். சட்டம் கேட்பது அவ்வளவு இல்லை. பாதிப்பைக் கருத்தில் கொள், மாநில அதிகாரியிடமும் பழங்குடி அரசுகளிடமும் கலந்து பேசு என்பதோடு அது நின்றுவிடுகிறது. எல்லாம் பேசி முடித்த பிறகு இடத்தை அழிக்கவும் வழி உண்டு. ஆனாலும் அந்த இடம் அங்கே இருக்கிறது என்று யாராவது ஒருவர் நடந்து போய்ப் பார்த்தால்தான் பேச்சே தொடங்கும். அந்த ஒருவர் பெரும்பாலும் இருபத்து சொச்சம் வயதுள்ள, ஜிஎஸ்-5 ஊதிய நிலையில் இருக்கும் தற்காலிகப் பணியாளர். 2025 கணக்கில் மணிக்குச் சுமார் 19 டாலர்.

அவர் தோண்டுவது குறைவு, நடப்பதே அதிகம். 15 அல்லது 30 மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நின்று, சரிவு என்றும் முட்புதர் என்றும் பாராமல் நேர்கோட்டில் போக வேண்டும். கண் தரையிலேயே இருக்கும். எரிமலைக் கண்ணாடிச் சில்லு, பட்டை உரிக்கப்பட்ட பழைய தேவதாரு, சுரங்கக்காரர்களின் குடிசை அடித்தளம், துருப்பிடித்த தகர டப்பாக் குவியல் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் கொடி நட்டு, அளந்து, படம் வரைந்து, படிவம் நிரப்ப வேண்டும். பொதுவாக ஐம்பது வயது ஆன எதுவும் பரிசீலனைக்கு உரியது என்பதால், 1970-களின் முகாம் குப்பைகூட இப்போது பட்டியலுக்கு வரத் தொடங்கிவிட்டது. மண்ணும் இலைச்சருகும் மூடிய கிழக்குக் காடுகள் போன்ற இடங்களில் சிறு குழி வெட்டி மண்ணைச் சலிக்கிறார்கள்.

இனி 1,039-க்கு வருவோம். களத்தில் இருப்பவர்கள் இந்தப் பணியையே அந்த எண்ணால்தான் அழைக்கிறார்கள்.

மத்திய அரசில் தற்காலிக நியமனம் ஓராண்டுக்கு மட்டுமே. இன்னும் ஓராண்டு நீட்டலாம், அதோடு முடிந்தது. இந்த வரம்பு சும்மா வரவில்லை. வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தில் எட்டு ஆண்டுகள் தற்காலிகமாகவே வேலை பார்த்த ஒரு துப்புரவுப் பணியாளர் 1993-ல் இறந்தார். தற்காலிகப் பணியாளர் என்பதால் அவர் குடும்பத்துக்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் பிரச்சினை எழுந்தது. 1994-ல் விதியை இறுக்கினார்கள். எவரையும் ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

அந்த விதியில் ஒரு விலக்கு வைத்தார்கள். பருவ வேலைக்கு இரண்டாண்டு வரம்பு கிடையாது. ஒரு பணியாண்டில் 1,040 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை வாங்கினால் போதும், அதே ஆளை அதே வேலைக்கு ஆண்டுதோறும் திரும்ப எடுத்துக்கொண்டே இருக்கலாம். வாரம் 40 மணி என்றால் 1,040 என்பது சரியாக 26 வாரம், அரை ஆண்டு. ஒரு மணி நேரம் குறைத்து 1,039-ல் வீட்டுக்கு அனுப்பினால் விதி மீறப்படவில்லை. எட்டு ஆண்டு தற்காலிகத்தைத் தடுக்க வந்த விதியின் உள்ளேயே இருபது ஆண்டு தற்காலிகத்துக்கும் கதவு திறந்திருக்கிறது. நம் ஊரில் தொழிற்சங்கம் பார்த்தவர்களுக்கு 240 நாள் ஆகுமுன் ஆளை நிறுத்தும் கணக்கு நினைவுக்கு வரும்.

வேலையின் இயல்பே பருவம் சார்ந்தது என்பது நிர்வாகத்தின் விளக்கம். சியரா நெவாடாவிலும் ராக்கி மலைகளிலும் பனி மூடிய பின் தரையைப் பார்க்க முடியாது, உண்மைதான். ஆனால் லூசியானாவிலும் மிசிசிப்பியிலும் உள்ள தேசியக் காடுகளில் இலை உதிர்ந்து பாம்பும் உண்ணியும் அடங்கிய குளிர்காலமே களப்பணிக்கு ஏற்ற காலம். பனிப் பிரதேசத்திலும் கோடையில் எடுத்த குறிப்புகளை அறிக்கையாக்கும் வேலை குளிர்காலம் முழுவதும் இருக்கிறது. அறிக்கை எழுதும் நேரத்தில் இடத்தைக் கண்ணால் பார்த்தவர் பணியில் இல்லை. பருவம் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓய்வூதியக் கணக்கில் சேராத ஆளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதற்கு அது போதுமான காரணம் என்று நான் ஏற்கவில்லை.

2015-ல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பருவப்பணி செய்தவர்கள், நடுவில் இரண்டாண்டு இடைவெளி விழாமல் இருந்தால், துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமான நிரந்தரப் பணியிடங்களுக்குப் போட்டியிடலாம். ஆண்டுக்கு ஆறு மாதம் வீதம் நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்த பிறகு கிடைப்பது போட்டியிடும் உரிமை மட்டும்தான்.

போட்டியிட்டு வென்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நிரந்தர வேலையில் சேர்பவருக்கு ஓராண்டு தகுதிகாண் பருவம் உண்டு. பழைய பணிக்காலத்தை அதில் கழித்துக்கொள்ள அன்றைய விதி இடம் கொடுத்தது: அதே துறை, அதே வகை வேலை, நடுவில் இடைவெளி ஒன்றே ஒன்று, அதுவும் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது. 1,039 மணியில் அனுப்பப்பட்டவரின் இடைவெளி 30 நாளில் அடங்குமா? ஆறு கோடை அதே மலையில் நடந்தவரும் பதிவேட்டில் முதல் நாள் ஊழியர்தான். இடைவெளியை உண்டாக்கியது துறை, அதற்கான விலையைக் கொடுப்பவர் ஊழியர்.

2025 பிப்ரவரியில் அந்த விலை தெரிந்தது. தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்களை அரசு மொத்தமாக நீக்கியபோது வனத்துறையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பல ஆண்டு பருவப்பணிக்குப் பின் அப்போதுதான் நிரந்தரமானவர்களும் அவர்களில் இருந்தார்கள். கடிதங்கள் செயல்திறனைக் காரணமாகச் சொல்லின, ஆளுக்கு ஆள் மாறாத ஒரே வாசகத்தில். மார்ச்சில், வனத்துறையை உள்ளடக்கிய விவசாயத் துறையில் நீக்கப்பட்ட ஏறக்குறைய 6,000 பேரைத் தற்காலிகமாகத் திரும்ப எடுக்கும்படி பணியாளர் முறையீட்டு வாரியம் உத்தரவிட்டது. ஏப்ரலில் அதிபரின் புதிய ஆணை வந்தது. அதன்படி, தகுதிகாண் பருவம் முடியும்போது, இவர் தொடர்வது பொதுநலனுக்கு ஏற்றது என்று துறை எழுதிக் கொடுக்காவிட்டால் வேலை தானாகவே முடிந்துவிடும்.

அதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், பணமில்லை என்று சொல்லி அடுத்த நிதியாண்டுக்குத் தீயணைப்பு தவிர்த்த பருவப்பணி நியமனங்களை வனத்துறை நிறுத்தியிருந்தது. 2025 ஏப்ரலில் 19.3 கோடி ஏக்கர் தேசியக் காட்டில் 11.2 கோடி ஏக்கருக்கு அவசரநிலை அறிவித்து, மரம் வெட்டுவதை விரைவுபடுத்தச் சொன்னார்கள். வெட்டவேண்டிய பரப்பு கூடியிருக்கிறது. முன்னால் நடந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஆண்டு நியமனம் இல்லை. தொல்லிடங்களைக் கவனித்தே செய்கிறோம் என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, கவனித்தது யார் என்று கேளுங்கள்.

கடிதங்களில் உள்ள மற்ற கேள்விகள்:

கிரீன் கார்டு போதுமா? போதாது, இந்த நியமனங்களுக்குக் குடியுரிமை வேண்டும்.

மாணவர் விசாவில் இருப்பவர்? படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி இருந்தால் தனியார் ஒப்பந்த நிறுவனங்களில் முயலலாம். அமெரிக்கத் தொல்லியலாளர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள்.

மருத்துவக் காப்பீடு உண்டா? மாதம் 130 மணி வீதம் 90 நாளாவது வேலை எதிர்பார்க்கப்பட்டால் உண்டு.

கெடு எந்த நேரப்படி? பெரும்பாலும் கிழக்கு அமெரிக்க நேரப்படி இரவு 11:59, அதாவது கலிபோர்னியாவில் 8:59.

கிடைத்த அம்பு முனையை எடுத்து வரலாமா? கூடாது. தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டி எடுத்தால், 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே சிறைத் தண்டனை வரலாம்.

படம் எடுத்துப் போடலாமா? இடம் தெரியும்படி வேண்டாம், திருடர்களும் பார்க்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்பேன். தரையை வாசிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி குறைவு. ஆனால் கையெழுத்துப் போடுமுன் நியமன வகையைப் படியுங்கள். ‘தற்காலிகம், 1,039’ என்பது ஒன்று. ஆண்டுக்கு 26 வாரம் வேலையை உறுதி செய்து ஓய்வூதியத்திலும் சேர்க்கும் ‘நிரந்தரப் பருவப்பணி’ வேறொன்று. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒவ்வொரு பருவத்திலும் சேரும்போதும் விலகும்போதும் தரப்படும் எஸ்எஃப்-50 படிவத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 24 மாதக் கணக்கை நிரூபிக்க நாளை அதைத்தான் கேட்பார்கள்.