உங்களுக்குத் தெரியுமா? மேல் கேக்கைத் தாங்குவது கீழ்க் கேக் அல்ல

முறையாகக் கட்டிய அடுக்குக் கேக்கில் மேலடுக்கின் பாரம் கீழடுக்கின்மீது இறங்குவதில்லை. ஒவ்வொரு அடுக்கும் தனி அட்டைமேல் அமர்கிறது. அந்த அட்டையைத் தாங்குபவை, கீழடுக்கினுள் செங்குத்தாகச் செருகிய நான்கைந்து மரக்குச்சிகள் அல்லது தடித்த பிளாஸ்டிக் குழல்கள். அவை எல்லாம் ஒரே உயரத்தில் இருப்பதே உயிர்நாடி. முதல் குச்சியைச் செருகி, கிரீம் மட்டத்தில் குறித்து வெளியே எடுத்து, மற்றவற்றையும் அதே அளவில் வெட்டவேண்டும். ஒன்று சற்றுக் குட்டையானாலும் அட்டை சாயும். சாய்ந்த அடுக்கு மெல்ல வழுக்கத் தொடங்கும். பக்கவாட்டில் நகராதிருக்க, அட்டைகளின் நடுத்துளை வழியே அடிப்பலகைவரை ஒரு நீண்ட கம்பு இறக்கப்படுகிறது.

1947-இல் பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத்தின் திருமணக் கேக் நான்கு அடுக்குகளுடன் 9 அடி உயரம் இருந்தது. அடர்ந்த பழக்கேக்கும் கல்லாக இறுகும் சர்க்கரைப் பூச்சும் அதற்கு வலு சேர்த்தன. இன்றைய மென்மையான ஸ்பாஞ்சுக்கும் கிரீமுக்கும் அந்த வலு கிடையாது; அதனால்தான் குச்சிகளின் துணை தேவைப்படுகிறது.

வெப்பம் இன்னொரு எதிரி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தேசூர் போன்ற தமிழ்நாட்டு ஊர்களின் சித்திரை வெயில் இதைத் தாண்டும். அங்கே அடுக்குகளை நன்கு குளிரவைத்து, தனித்தனிப் பெட்டிகளில் கொண்டுசென்று, கல்யாண மண்டபத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதே பாதுகாப்பானது.